சாத்தும் பெருவழியும்: பாட்டும் தொகையும் காட்டும் நிலவழி வாணிகம்

சங்க நூல்கள் அச்சேறிய நாள் தொட்டுப் பண்டைத் தமிழர் வாணிகம் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் கடலை நோக்கியே நடந்து வந்துள்ளது. 1889 இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டினை நச்சினார்க்கினியர் உரையோடு வெளியிட்டார். 1904 இல் வெளிவந்த கனகசபைப் பிள்ளையின் ஆங்கில நூல், புகாரையும் முசிறியையும் உலகறியச் செய்தது. 1945 இல் வீலர் அரிக்கமேட்டில் நிகழ்த்திய அகழ்வு, பாட்டிற் கண்டதனை மண்ணிலும் காட்டியது. வியன்னா நகரில் காக்கப்பெறும் முசிறி ஒப்பந்த ஏடு 1985 இல் பதிப்பிக்கப்பெற்ற பின்னர், கடல் வாணிகத்தின் அளவும் முறையும் பற்றி ஐயுறுவார் இலராயினர். இவையனைத்தும் போற்றற்குரியனவே.

ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. கலத்தில் ஏறிய பண்டம் துறைக்கு எவ்வாறு வந்தது? மிளகு மலையில் விளைவது. நெய்தல் நிலத்து மணலில் விளைவதன்று. முசிறி ஒப்பந்தம் கூறும் கலத்திலே கங்கைப் புறத்து நறுநாரும் யானைக் கோடும் ஆடையும் ஏற்றப்பெற்றிருந்தன. இவற்றுள் ஒன்றும் அத்துறையின் கரையில் தோன்றிய பொருளன்று. துறைமுகம் என்பது ஒரு வழியின் முடிவும் மற்றொரு வழியின் தொடக்கமும் ஆகும். பின்னைய வழியை மட்டும் பேசி முன்னையதை விடுத்தல், ஆற்றின் கழிமுகத்தை மட்டும் கண்டு ஆற்றினைக் கண்டதாகக் கூறுவதனை ஒக்கும். பாட்டும் தொகையும் இந்நிலவழியைப் பற்றிக் கூறுவன யாவை, அவற்றை எவ்வளவிற்கு நம்பலாம், அவ்வழியே பண்டத்தோடு வேறு எவை வந்தன என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

1. சான்றினைத் தரம் பிரித்தல்

இலக்கியத்தை வரலாற்றுக்குச் சான்றாக எடுப்போர் முதற்கண் செய்யற்பாலது, ஒரு செய்தி பாட்டினுள் எவ்விடத்தில் நிற்கின்றது என்று காண்டலாகும். சங்கப் பாட்டில் வாணிகச் செய்தி மூன்று நிலைகளில் வருகின்றது. ஒன்று உவமை, மற்றொன்று நேரே புனைந்துரைக்கும் காட்சி, மூன்றாவது வழிவழி வந்த கதை. இம்மூன்றும் ஒரு தரத்தன அல்ல.

உவமையாக வரும் பொருள் கேட்போர் முன்னரே அறிந்த பொருளாதல் வேண்டும். அறியாததனைக் கொண்டு அறிந்ததனை விளக்குவார் இல்லை. எனவே, புலவன் தன் கருத்திற்குத் துணையாக எடுத்தாளும் உவமையே அக்கால மக்களின் அன்றாட அறிவிற்கு உறுதியான சான்றாகும். காட்சியிலோ புலவன் மிகுத்துக் கூறவும் கூடும். எனினும் காட்சியின் சிற்றுறுப்புகள் பெரும்பாலும் கண்டறிந்தனவாகவே இருக்கும். வழிவழிக் கதையை அதன் துணைச் சான்றின்றி வரலாறாகக் கொள்ளுதல் ஏற்புடைத்தன்று.

இவ்வரம்பைப் பேணாமையால் விளைந்த இடர்ப்பாட்டுக்கு மோரியர் பற்றிய பாடல்களே எடுத்துக்காட்டு. தேராழி உருள்வதற்காக மலையைக் குறைத்து வழி செய்தனர் என மாமூலனார் முதலியோர் பாடிய அகப்பாட்டுகளைக் கொண்டு, மௌரியப் படை தென்னாடு புகுந்த வரலாற்றை எழுதினார் பலர். அச்செய்தி தலைவன் கடக்கும் மலைவழியின் அருமையைக் கூறவந்த இடத்திலே, கேள்வியுற்ற பழங்கதையாக நிற்கின்றது. படையெடுப்பிற்கு அதனை முதற்சான்றாக்க இயலாது. ஆனால் ஒன்று தெளிவாகின்றது. வடக்கு நோக்கிச் சக்கரம் செல்லும் வழி ஒன்று உண்டென்பதும், அது பெருமுயற்சியால் வெட்டப்பெற்றதென்பதும் அக்காலத்தார் நெஞ்சில் பதிந்திருந்தன. கதை பொய்யாயினும் வழியைப் பற்றிய நினைவு பொய்யன்று.

2. உமணர் தந்த உவமைகள்

மேற்கூறிய அளவையால் நோக்கின், நிலவழி வாணிகருள் உமணரே புலவர்க்கு மிக நெருங்கியவராகக் காணப்படுகின்றனர். நெய்தல் நிலத்து உப்பினை ஏற்றி, மேட்டு நிலத்தூர்களில் நெல்லுக்கு மாறி, மீளும் வாழ்க்கையினர் அவர்.

புறநானூற்று 102 ஆம் பாட்டில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாராட்டுகின்றார். எருது இளையது, நுகத்தில் பழகாதது. வண்டியிலோ பாரம் மிகுதி. பள்ளத்தில் இறங்குங்காலும் மேட்டில் ஏறுங்காலும் நேரவிருப்பதை யாரறிவார் என்று எண்ணி, உமணர் வண்டியின் அடிமரத்தில் மற்றோர் அச்சினைக் கட்டிக்கொண்டு செல்வர். தந்தைக்கு அத்தகைய சேம அச்சுப் போன்றவன் மகன் என்பது கருத்து. இவ்வுவமையிலிருந்து நாம் அறிவன பல. வண்டி நெடுந்தொலைவு செல்வது. அச்சு முறிதல் வழக்கமாக நிகழ்வது. முறிந்த இடத்தில் தச்சர் கிடையார். எனவே முன்னெச்சரிக்கை வாணிகத்தின் ஓர் உறுப்பாயிற்று. அரசவையில் பாடிய பாட்டிற்கு உப்பு வண்டியின் அடிமரம் உவமையாயிற்று என்றால், அவ்வண்டியை அறியாதார் அவ்வவையில் இலர் என்பதே பொருள்.

குறுந்தொகை 124 ஆம் பாட்டில் பாலை பாடிய பெருங்கடுங்கோ, உமணர் கூட்டம் தங்கிச் சென்ற இடத்தை ஊர் பாழ்பட்டாற் போன்ற காடாகக் காட்டுகின்றார். தங்கியபோது அவ்விடம் ஓர் ஊர், பெயர்ந்தபின் பாழ். ஓர் ஊரினளவு பெருகிய கூட்டமாக அவர் சென்றனர் என்பது இதனாற் போதரும். சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார், உமணர் வண்டி வரிசையோடு வந்த மந்தியை அவர்தம் மக்களோடு ஒப்பிட்டு, இரண்டும் கூடி விளையாடும் விளையாட்டையும் கூறுகின்றார். வழியே அவர்க்கு வீடாயிற்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

3. பெரும்பாணாற்றுப்படையின் இருவகைச் செலவு

காட்சி என்னும் இரண்டாம் நிலையில் நமக்குக் கிடைப்பவற்றுள் தலைசிறந்தது பெரும்பாணாற்றுப்படை. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 500 அடிகள் கொண்ட இப்பாட்டில், பாணன் செல்லும் வழியின் தொடக்கத்திலேயே இருவகை வாணிகர் அடுத்தடுத்துத் தோன்றுகின்றனர்.

முன்னர் வருவோர் உமணர். வண்டியின்மேல் கோழிக்கூடு, பெண்யானையின் முழந்தாளைப் போன்ற சிறிய உரல் அதனொடு பிணைக்கப்பட்டுள்ளது, காடி வைத்த மிடாவும் உண்டு. கைக்குழந்தையை உடையாள் ஒருத்தி எருதுகளை ஓட்டுகின்றாள். ஆடவர் இளைத்த எருதுக்கு மாற்றெருதுகளை நடத்திக்கொண்டு உடன் செல்கின்றனர். பின்னர் வருவோர் வேறு வகையினர். மலைபடு பொருளையும் கடல்படு பொருளையும் கொண்டு செல்லும் இவர்கள் காலில் செருப்பும் உடலில் சட்டையும் இடையில் வாளும் உடையர். இவர்தம் மிளகுப் பொதிகளைச் சுமப்பன கழுதைகள். இருபுறமும் ஒத்த எடையாகத் தொங்கும் அப்பொதி பலாப்பழத்திற்கு ஒப்பிடப்படுகின்றது. சுமந்து சுமந்து அவற்றின் முதுகில் தழும்பேறியுள்ளது. அவ்வழியில் உல்கு என்னும் சுங்கம் கொள்ளப்படுகின்றது. வழிகள் பிரியுமிடத்தை வில்லேந்திய காவலர் காக்கின்றனர்.

இவ்விரு காட்சிகளையும் உரையாசிரியர் முதலாக இற்றை ஆராய்ச்சியாளர் வரை தனித்தனியே விளக்கியுள்ளனர். புலவர் அவற்றை அடுத்தடுத்து வைத்ததன் நோக்கம் போதிய அளவு ஆராயப்படவில்லை என்றே கருதுகின்றோம். உப்பு மலிந்த விலைப் பொருள். எடை மிகுதி, விலை குறைவு. அதனைக் கவர்தற்குக் கள்வர் முயலார். ஆகவே உமணர் பெண்டிரொடும் பிள்ளைகளொடும் கோழியொடும் செல்கின்றனர். மிளகோ எடை குறைந்து விலை மிக்கது. ஆகவே அதன் வாணிகர் குடும்பத்தை விடுத்து வாளேந்திச் செல்கின்றனர். வண்டி செல்ல இயலாத மலைவழிக்குக் கழுதை ஏற்றது. பாதுகாப்பும் சுங்கமும் இங்கேதான் தோன்றுகின்றன. பண்டத்தின் தன்மை வழியின் தன்மையையும், வழியின் தன்மை மாந்தர் கூட்டத்தின் தன்மையையும் வரையறுத்தலைப் புலவர் இரு படங்களால் உணர்த்திவிட்டார். அரசு உல்கு கொள்ளுதற்குக் கைம்மாறாகக் காவல் தருகின்றது என்னும் ஆட்சியறிவும் இதன்கண் பொதிந்துள்ளது.

4. ‘கால்’ என்னும் சொல்

பட்டினப்பாலையை இயற்றியவரும் கடியலூர் உருத்திரங்கண்ணனாரே என்பது மரபு. இதனை ஏற்போமாயின், ஒரே புலவர் உள்நாட்டுப் பெருவழியின் சுங்கத்தையும் புகார்த் துறையில் புலிப்பொறி இடும் சுங்கத்தையும் பாடியுள்ளார் என்பது பெறப்படும். இவ்வொற்றுமை, பட்டினப்பாலையில் பலரும் மயங்கிய ஓரிடத்தைத் தெளிவிக்க உதவும்.

புகாரின் தெருக்களில் குவிந்த பண்டங்களை எண்ணுமிடத்து, நீரினால் வந்த குதிரைகளை அடுத்து, காலினால் வந்த மிளகு மூடைகள் கூறப்படுகின்றன. ‘கால்’ என்பதற்குக் காற்று என்னும் பொருளும் உண்டு. வண்டியின் உருளை என்னும் பொருளும் உண்டு. காற்று எனக் கொள்வோர், மிளகும் கலத்திலேறி மேலைக் கடற்கரையினின்று குமரியைச் சுற்றி வந்தது என்பர். உருளை எனக் கொள்வோர், அது நிலவழியே வண்டியில் வந்தது என்பர்.

காற்று என்போர்க்கும் ஒரு வலிமை உண்டு. நீரும் காற்றும் பூதங்களாதலின் சொல்லழகு பொருந்துகின்றது; கரையோரக் கலங்கள் தென்கடலில் ஓடின என்பதற்குச் செங்கடற் செலவு நூலாகிய பெரிப்ளூசு சான்று பகர்கின்றது. எனினும், காற்று எனக் கொள்ளின் குதிரையும் மிளகும் ஆகிய இரண்டும் கடலாலேயே வந்தனவாய் முடியும். குதிரை ஏறிய கலத்தையும் காற்றே செலுத்தியது. அப்போது நீர் என்றும் கால் என்றும் பிரித்துக் கூறியதற்குப் பயனில்லை. அடுத்து வரும் பண்டங்கள் வடமலை, குடமலை, தென்கடல், கீழ்க்கடல், கங்கை, காவிரி, ஈழம், காழகம் என இடம் வேறுபடுத்திக் கூறப்படுதலின், இங்கும் வேறுபாடே கருதப்பட்டது எனல் தகும்.

திருக்குறள் 496 ஆம் பாட்டு, தேர் கடலில் ஓடாமையையும் நாவாய் நிலத்தில் ஓடாமையையும் எதிர்நிறுத்துமிடத்துத் தேரின் உருளையைக் கால் என்றே குறிக்கின்றது. நீருக்கு எதிராக நிலத்தைச் சுட்டக் கால் என்னும் சொல்லை ஆளுதல் தமிழ் வழக்கிற்கு ஒத்ததே என்பது இதனால் விளங்கும். மேலும், மிளகு உள்நாட்டு வழியே செல்லும் பண்டம் என்பதைப் பெரும்பாணாற்றுப்படையிலே இப்புலவரே பாடியுள்ளார். எனவே நிலவழி என்னும் பொருளே வலியுடைத்து என்று துணிகின்றோம். அங்கே வண்டியன்றிக் கழுதையே மிளகைச் சுமத்தலின், கால் என்பதை நேரே நடைக்குரிய உறுப்பாகக் கொண்டு, விலங்கின் காலால் நடந்து வந்த மூடை எனினும் இழுக்காது. உருளையாயினும் அடியாயினும் முடிவு ஒன்றே: மேலை மலையின் மிளகு கீழைக் கடலின் துறைக்கு நாட்டின் ஊடே வந்தது.

5. பாலையின் வாயிலாகப் புகும் கடல்

கடல் வாணிகத்திற்குத் தலையாய சான்றுகளாக எடுத்தாளப்படும் பாடல்கள் இரண்டு. ஒன்று பட்டினப்பாலை, மற்றொன்று எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடிய அகநானூறு 149. இரண்டும் பாலைத் திணைப் பாட்டுகள் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். பட்டினப்பாலையின் 301 அடிகளில் பெரும்பகுதி புகாரின் வளமாயினும், அவ்வளம் முழுதும் தலைவன் தான் வேண்டா என்று ஒதுக்கும் பொருளாகவே நிற்கின்றது. தலைவியைப் பிரிந்து வெங்காட்டில் செல்லுதற்கு அவன் உடன்படவில்லை.

அகநானூற்றுப் பாட்டிலும் அவ்வாறே. கறையான் எடுத்த புற்றினையும் இருப்பைப் பூவைக் கவரும் கரடிக் கூட்டத்தையும் உடைய நெடுவழியைக் கடந்து அரும்பொருள் பெறினும் வாரேன் என்று தலைவன் தன் நெஞ்சிற்குக் கூறுகின்றான். சுள்ளியம் பேரியாற்றில் நுரை கலங்க வந்து, பொன்னைத் தந்து மிளகைக் கொண்டு மீளும் யவனர் கலங்கள், முசிறியை வளைத்த பாண்டியனைச் சிறப்பிக்கும் அடையாக வருகின்றன. அப்பாண்டியனது பரங்குன்றத்துச் சுனையின் நீலமலர் தலைவியின் கண்ணுக்கு உவமை. எனவே முசிறித் துறை ஈண்டு உவமையின் உள்ளே உவமையைச் சார்ந்து நிற்கின்றது. நாம் வகுத்த அளவையால் இது சான்றின் தரத்தைக் குறைக்கவில்லை, உயர்த்துகின்றது. முசிறியை விளக்க வேண்டிய தேவை புலவர்க்கு இருந்திலது.

மதுரைக்காஞ்சியும் புறநானூறு 343 ஆம் பாட்டும் பாலையல்லாத இடத்தும் துறைவளம் கூறுகின்றன, மறுக்கவில்லை. ஆயினும் அகப்பாட்டுலகில் துறைமுகம் நிலவழியின் வாயிலாகவே புகுகின்றது. பொருள் என்றவுடன் அக்காலத்தார் நெஞ்சில் முதலில் எழுந்தது கடலன்று, காடு.

அகநானூற்றின் தொகுப்பமைப்பும் இதற்குத் துணை. அந்நூலில் ஒற்றைப்படை எண்ணுடைய பாட்டெல்லாம் பாலை. 400 பாட்டில் 200 வழியைப் பற்றியன. அவற்றுள் சாத்தினை எறியும் வில்லாடவரையும், பொதி சுமந்த கழுதை வரிசையைக் காத்த வாள்வீரர் தலை துணிக்கப்பட்டதையும், கொள்ளைக்கு அஞ்சி மாந்தர் விட்டகன்ற ஊரின் பாழ்மன்றத்தையும் காண்கின்றோம். இவை வெறும் மரபுப் புனைவாயின் கழுதையின் பொதியும் காவல் வாளும் வேண்டப்பட்டிரா.

எனினும் பாலைப் பாட்டை வாணிகக் கணக்காகப் படித்தலும் பிழையே. பொருள்வயிற் பிரிந்த தலைவன் எப்பண்டத்தை விற்றான் என்று எப்பாட்டும் கூறவில்லை. அவன் தோளில் பொதி இல்லை. பக்கத்தில் கழுதை இல்லை. வழி வாணிகருடையது, அதில் நடப்பவன் மட்டும் வாணிகத்தினின்று தூய்மையாக்கப்பட்ட தலைவன். இத்தெரிவே அகமரபின் செயல்.

இத்தெரிவில் விடுபட்டது யாது என்பதை உமணப் பெண்ணே காட்டுகின்றாள். கடல்வழிச் செலவு பெண்டிரொடு இல்லை என்று தொல்காப்பியம் வரையறுக்கின்றது. நிலவழியிலோ தலைவி மனைக்கண் இருந்து வருந்துகின்றாள்; அதே வழியில் உமணப் பெண் குழந்தையுடன் எருதோட்டிச் செல்கின்றாள். முன் காட்டிய குறுந்தொகைப் பாட்டில் தோழி, காடு கொடியதென்று தலைவியை விடுத்துச் செல்ல முனையும் தலைவனை நோக்கி, தனித்திருப்பார்க்கு மனை மட்டும் இனிதோ என வினவுகின்றாள். உமணர் குடும்பமாகத் தங்கிச் சென்ற காட்டினை அவ்வினாவின் முன் வைத்தது புலவரின் நுண்மை. பெண்டிர் செல்லலாகாத வழி என்னும் வாதத்தை அவ்வழியே மறுக்கின்றது.

6. கொங்கின் பெருவழி

இலக்கியம் கூறும் இவ்வழியை நிலத்தில் எங்கே காண்பது? மேற்கு மலைத்தொடர் பாலக்காட்டில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்திற்கு இடைவெளி விடுகின்றது. மேலைக் கடற்கரையினின்று இவ்விடைவெளி வழியே கொங்கு நாடு புகுந்து, நொய்யலாற்றை ஒட்டிக் கருவூரை அடைந்து, காவிரிக் கரை வழியே கீழ்க்கடலை எய்தலாம். உரோமானிய வெள்ளிக் காசுப் புதையல்கள் வெள்ளலூர், பொள்ளாச்சி, கத்தாங்கண்ணி முதலாகக் கோவைப் பகுதியில் செறிந்து கிடைத்தமை இவ்வழிக்குப் பொருந்துகின்றது. அவற்றுட் பெரும்பாலன அகசுட்டசு, திபேரியசு என்னும் பேரரசர் காலத்தன. கடற்கரைத் துறைகளினும் உள்நாட்டில் இக்காசுகள் மிகுதியாகக் கிடைத்தல், துறை மட்டுமே வாணிகத்தின் இருப்பிடம் என்னும் எண்ணத்தைத் தகர்க்கின்றது.

நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணல், பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று கபிலராலும் அரிசில்கிழாராலும் அணிகலத்தோடு சேர்த்துப் பாடப்பெற்ற ஊர் என்பது அறிஞர் துணிபு. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கு நிகழ்த்திய அகழ்வுகளில் மணி அறுக்கும் பட்டறைகளும், முற்றுப்பெற்றனவும் பெறாதனவுமாகிய கல்மணிகளும், இரும்பு உருக்கும் உலைகளும் வெளிப்பட்டன. பச்சைக் கல் எனப்படும் நீலப்பச்சை மணிக்கல் அண்மையிலுள்ள படியூரில் கிடைப்பது. பண்டம் கடந்து செல்லும் வழியாக மட்டுமன்றிப் பண்டம் ஆக்கும் இடமாகவும் பெருவழி விளங்கியமை இதனாற் புலனாகும்.

பிற்கால நிலைமையும் இதனை வலியுறுத்தும். கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்து மலைச்சரிவில், தமிழெழுத்திலும் வட்டெழுத்திலும் இராசகேசரிப் பெருவழி என்று பொறித்த சோழர் காலக் கல்வெட்டு உள்ளது. இரு நாட்டு வழிப்போக்கரும் படிக்கும்பொருட்டே இரண்டெழுத்தில் வெட்டினர் போலும். தருமபுரிப் பகுதியின் அதியமான் பெருவழிக் கற்களில் காதத்தொலைவு எண்ணாலும், எழுத்தறியார் தடவியறியும் குழிகளாலும் குறிக்கப்பட்டுள்ளது. வழி என்பது எழுத்தறிந்தார்க்கு மட்டும் உரியதன்று என்பதை அக்குழிகள் உணர்த்துகின்றன.

7. பண்டத்தோடு வந்த சொல்லும் சமயமும்

இனி, இவ்வழியே பண்டமல்லாத வேறு எவை வந்தன என்று காண்போம். வழியைக் குறிக்கும் சொற்களே முதற்சான்று. வாணிகக் கூட்டத்தைக் குறிக்கும் சாத்து என்பது வடமொழியின் சார்த்த என்பதோடும் பாகதத்தின் சத்த என்பதோடும் தொடர்புடையது. உல்கு என்பது சுல்க என்பதன் திரிபு. பின்னர் அதே மூலம் பாகத வடிவின் வழியே சுங்கம் எனவும் தமிழில் புகுந்தது. ஒரு சொல் இருமுறை, இரு காலங்களில், இரு வடிவில் வந்து சேர்ந்தமை, தொடர்பு ஒருமுறை நிகழ்ந்து ஓய்ந்ததன்று என்பதைக் காட்டும்.

கல்லும் ஓடும் இதற்குச் சான்று பகர்கின்றன. மதுரைக்கு அண்மையிலுள்ள மாங்குளம் கல்வெட்டில் வெள்ளறை ஊரின் நிகமத்தார் குறிக்கப்படுகின்றனர். நிகமம் என்பது வணிகர் குழு, வடபுலத்துச் சொல். கொடுமணலில் கிடைத்த ஓட்டிலும் அச்சொல் உண்டு. அங்கே தமிழ்ப் பெயர்களோடு பாகதப் பெயர்களும் பானையோடுகளில் கீறப்பட்டுள்ளன. அழகர்மலைக் குகையில் உப்பு வாணிகன், கொழு வாணிகன், அறுவை வாணிகன், பணித வாணிகன் என்போர் அறம் செய்தமை பொறிக்கப்பட்டுள்ளது. பணிதம் என்பது வெல்லப்பாகினைக் குறிக்கும் பாகதச் சொல். உப்பும் கொழுவும் அறுவையும் தமிழ்ச் சொற்கள். ஒரே குகையில், ஒரே அறத்தில், இவை அருகருகே நிற்கின்றன. கருவூர்ப் பொன் வாணிகன் ஒருவனும் புகலூர் மலையில் இத்தகைய அறம் செய்துள்ளான். அவ்விடத்தே சமணத் துறவிக்குச் சேரர் குடியினர் அமைத்த கற்படுக்கையின் எழுத்தில் பெருங்கடுங்கோன் என்னும் பெயர் காணப்படுகின்றது. பாலை பாடிய பெருங்கடுங்கோ இவனே எனத் துணிதற்குப் பெயரொப்புமை மட்டும் போதாது. ஆனால் வழியைப் பாடிய மரபும் வழியை ஆண்ட குடியும் அயலன அல்ல எனக் கொள்ளலாம்.

வாணிகர் சமயத்தை ஓம்பினர், இலக்கியத்தையும் ஓம்பினர். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், உறையூர் இளம்பொன் வாணிகனார் என வாணிகத் தொழிலடை பெற்ற புலவர் பலர். அழகர்மலை எழுத்திற் காணும் அறுவை வாணிகன் என்னும் தொழிற்பெயர் தொகைநூற் புலவரின் பெயரிலும் வருதல், கல்வெட்டும் பாட்டும் ஒரே சமுதாயத்தின் இரு கைகள் என்பதற்குச் சான்று.

இங்கே இரு தவறுகளுக்கு இடங்கொடாதிருத்தல் வேண்டும். சாத்து, உல்கு, நிகமம் ஆகியவற்றைக் கண்டு, வாணிகத்தையே வடபுலத்தார் தமிழர்க்குக் கற்பித்தனர் எனல் ஒரு தவறு. கடன்பட்ட சொற்கள் கூட்டத்தையும் வரியையும் குழுவையும், அயலார் கொணர்ந்த சில பண்டத்தையுமே குறிக்கின்றன. வழி, உப்பு, கறி, ஒழுகை, விலை என்பன தமிழாகவே நிற்கின்றன. அடித்தளத்து வாணிகம் இம்மண்ணில் வேரூன்றிய பின்னரே தொலைநாட்டு வாணிகத்தின் அமைப்புச் சொற்கள் வந்து சேர்ந்தன என்று இப்பகுப்பு உணர்த்துகின்றது.

கடன்பட்டமை தமிழுக்கு இழுக்கு என்று கருதி எல்லாச் சொற்கும் தமிழ் வேர் காட்ட முயலுதல் மற்றொரு தவறு. எகிப்தின் செங்கடற் கரையிலுள்ள குசேர் அல் காதிமில் சாதன் என்னும் பெயர் தமிழ் எழுத்தில் கீறிய ஓடு கிடைத்துள்ளது. சாத்தன் என்னும் அப்பெயரைச் சாத்து என்பதோடு இணைப்பாரும் உளர். தெய்வப் பெயரோடு இணைப்பாரும் உளர். ஓசையொப்புமை ஒன்றே கொண்டு இரண்டில் ஒன்றைத் துணிதல் ஆராய்ச்சி நெறியன்று. மிளகைக் குறிக்கும் கிரேக்கச் சொல் திப்பிலியின் வடமொழிப் பெயராகிய பிப்பலியினின்றும் வந்தது. தமிழரின் பண்டம் பிறர் சொல்லைச் சுமந்து சென்றது. பண்டம் நம்முடையதாதற்குச் சொல்லும் நம்முடையதாதல் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

8. முடிவு

இதுகாறும் கூறியவற்றால், உப்பு வண்டியின் உவமைகள் நிலவழி வாணிகம் அன்றாட அறிவாக இருந்ததனைக் காட்டுகின்றன என்பதும், உருத்திரங்கண்ணனாரின் இரு பாட்டுகளையும் இணைத்து நோக்கின் மிளகின் நிலவழிச் செலவு உறுதிப்படும் என்பதும், பாலைத்திணை வாணிகரின் வழியை எடுத்துக்கொண்டு வாணிகரை மறைத்தது என்பதும், அமைப்பைக் குறிக்கும் சொற்களும் சமயமும் அவ்வழியே வந்து தமிழோடு கலந்தன என்பதும் பெறப்பட்டன.

வேங்கடத்திற்கு அப்பாலுள்ள நிலத்தைத் தொகைநூற் புலவர் மொழிபெயர் தேயம் என்றனர். பகைவர் தேயம் என்று அதற்குப் பெயரிடவில்லை. மொழி மாறுவதனையே அதன் அடையாளமாகக் கொண்டனர். எல்லையைக் கடந்து சென்று மீண்டவர்க்கே அம்மாற்றம் செவியிற் படும். உமணரும் சாத்தரும் அவ்வாறு சென்று மீண்டவர். அவர்தம் பெயர்களைப் பாட்டு பெரும்பாலும் பேணவில்லை; அவர் நடந்த வழியையும் அவர் கொணர்ந்த சொல்லையும் பேணியுள்ளது. தமிழ் பயிலும் மாணவர், பாலைப் பாட்டை இனிப் படிக்குங்கால் தலைவனின் பின்னே கழுதையின் அடிச்சுவட்டையும் நோக்குவராயின், நம் வரலாற்றின் பெரியதொரு பகுதி அவர் கண்முன் விரியும்.